ஸ்போர்ட்ஸ் காரின் பின்பக்கம் ஏன் வெட்டிவிட்டதுபோல் முடிகிறது?

யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “மீன், பறவை எல்லாம் பின்னால் கூம்பித்தானே முடிகின்றன? ஃபெராரி, போர்ஷே மாதிரிக் கார்களின் பின்பக்கம் மட்டும் ஏன் திடீரென்று வெட்டினதுபோல் நிற்கிறது? அந்த விளிம்பும் விங்கும் உண்மையில் வேலை செய்கின்றனவா, இல்லை வடிவுக்கா? என்னுடைய டொயோட்டா விட்ஸுக்கு ஒரு விங்கும் பின் பம்பருக்குக் கீழே டிஃபியூசரும் பூட்டித் தரலாம் என்று கராச்சில் சொல்கிறார்கள். பிரயோசனம் இருக்கிறதா?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வடிவுக்காக என்றால் பூட்டுங்கள், கார் உங்களுடையது. காற்றுக்காக என்றால் வேண்டாம். ஏன் என்று பிறகு கணக்கோடு வருகிறேன். மற்ற இரண்டு கேள்விகளும் இதைவிடச் சுவாரசியமானவை.

கார் ஒன்று காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால் முன்பக்கம்தான் முக்கியம் என்று பலரும் நினைக்கிறார்கள். முன்பக்கத்தை ஓரளவு உருட்டிவிட்டாலே காற்று பெரிய சண்டை போடாமல் விலகிவிடும். சிக்கல் பின்னால்தான். விலகிய காற்று காரின் உடலோடு ஒட்டியபடி வந்து பின்னால் மீண்டும் சேர வேண்டும். கூரை மெதுவாகச் சரிந்தால் காற்றும் கூடவே இறங்கும். சரிவு கடுமையானால் அதனால் இறங்க முடியாது, உடலை விட்டுப் பிரிந்துவிடும். பிரிந்த இடத்துக்குப் பின்னால் அமுக்கம் குறைந்த, சுழித்துக்கொண்டே இருக்கும் ஒரு காற்றுப் பொதி உருவாகும். காரின் முன்னால் கூடிய அமுக்கம், பின்னால் குறைந்த அமுக்கம். இந்த வித்தியாசம்தான் காரைப் பின்னுக்கு இழுக்கிறது. ஒரு சாதாரணக் கார் வேகமாகப் போகும்போது காற்றால் வரும் இழுவையில் பெரும்பங்கு இப்படிப் பின்னாலிருந்துதான் வருகிறது.

காற்று எங்காவது ஓரிடத்தில் பிரியத்தான் போகிறது. அந்த இடத்தை வடிவமைப்பாளர் தீர்மானிக்காவிட்டால் காற்றே தீர்மானிக்கும், அதுவும் கணத்துக்குக் கணம் வேறு வேறு இடத்தில். நீங்கள் பார்க்கிற அந்தக் கூரான விளிம்பு இதற்காகத்தான். “இந்தக் கோட்டோடு விடு” என்று காற்றுக்கு இடப்படும் கட்டளை அது.

மீனின் வடிவத்துக்கு வருவோம். 1920களில் செப்பலின் ஆகாயக் கப்பல் நிறுவனத்தில் வேலை செய்த பவுல் யாராய் என்பவர் கார்களையும் அப்படியே கூம்பிய வாலோடு செய்யலாம் என்று காட்டினார். கொள்கை சரி. ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்று பிரியாமல் ஒட்டியே வர வேண்டுமென்றால் சரிவு ஏறத்தாழ 10 முதல் 15 பாகைக்குள் இருக்க வேண்டும். 1.2 மீற்றர் உயரமான கூரையை 12 பாகையில் நிலம்வரை இறக்கினால் வால் மட்டும் ஐந்தரை மீற்றருக்கு மேல் நீளும். அந்தக் காரைக் கொண்டுபோய் கோண்டாவில் பக்கத்து ஒழுங்கை ஒன்றுக்குள் திருப்பிப் பாருங்கள், தெரியும்.

1930களில் ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் வூனிபால்ட் கம் என்ற பேராசிரியரும், ரைன்ஹார்ட் கோனிக் ஃபாக்சன்ஃபெல்ட் என்ற பொறியியலாளரும் இதற்கு வழி கண்டார்கள். வாலை முழுமையாக இழுக்கத் தேவையில்லை. நல்ல சரிவில் கொஞ்சத் தூரம் கூம்பவைத்து, காற்று இன்னும் ஒட்டியிருக்கும்போதே கூரான விளிம்போடு நிறுத்திவிட்டால் முழு வாலால் வரும் இலாபத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது. வெட்டிய முகம் சிறிதாக இருப்பதால் அதன் பின்னால் வரும் சுழிப்புப் பொதியும் சிறிது. இதைக் ‘கம் வால்’ என்கிறார்கள். 1962இன் ஃபெராரி 250 ஜிடிஓ, 1964இல் பீற்றர் புரொக் வடிவமைத்த ஷெல்பி டேடோனா கூப்பே எல்லாம் இதன் வாரிசுகள். இதில் வேடிக்கை என்னவென்றால் இன்று கம் வாலை மிகச் சுத்தமாகப் பின்பற்றுகிற கார், நம்மூரில் தெருவுக்குத் தெரு நிற்கும் டொயோட்டா பிரியஸ்தான். கூரை மெல்லச் சரிந்து, உயரமான டிக்கி விளிம்பில் சட்டென்று முடிகிறது அல்லவா? 2009இல் வந்த மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் இழுவைக் குணகம் 0.25 (எண் குறையக் குறைய, வடிவத்தால் வரும் காற்று இழுவையும் குறைவு). உலகப் புகழ்பெற்ற மக்லாரன் எஃப் 1 ஸ்போர்ட்ஸ் காருக்கு அது 0.32. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் காற்றில் வழுக்கிக்கொண்டு போகும் என்ற நினைப்பு எவ்வளவு அரைகுறையானது என்று இதிலிருந்து தெரியும். ஸ்போர்ட்ஸ் காருக்கு இழுவையைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சரிவுக் கோணத்தில் ஒரு பொறியும் உண்டு. 1970களில் வொக்ஸ்வாகன் கோல்ஃப் காரை உருவாக்கிய நாட்களில் ஹூக்கோ, யான்சன் என்ற இரண்டு பொறியியலாளர்கள், பின் கண்ணாடியின் சரிவு 30 பாகைக்கு அண்மையில் வரும்போது இழுவை தாறுமாறாக ஏறுவதைக் கவனித்தார்கள். 1984இல் அகமது என்ற ஆய்வாளர் ஓர் எளிய பெட்டி வடிவத்தை வைத்து இதைத் தெளிவாக அளந்து காட்டினார். சரிவு 12.5 பாகையைத் தாண்டும்போது இரண்டு பக்க ஓரங்களிலும் வலுவான சுழிப்புகள் உருவாகத் தொடங்குகின்றன. 30 பாகையில் அவை உச்சத்துக்கு வருகின்றன. அதைத் தாண்டினால் காற்று ஒரேயடியாகப் பிரிந்துவிடுகிறது, இழுவை திடீரென்று குறைகிறது. அதாவது 35 பாகைச் சரிவு 30 பாகையைவிட நல்லது! கண்ணால் பார்த்து “இது காற்றுக்கு நல்ல வடிவம்” என்று சொல்கிறவர்களை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

இந்தப் பிரிவைப் பார்க்கக் காற்றுச் சுரங்கம் எதுவும் தேவையில்லை. உரும்பிராய், சுன்னாகம் பக்கம் மழையில்லாத நாளில் செம்மண் ஒழுங்கையால் விட்ஸ் மாதிரி டிக்கி நீளாத ஒரு ஹச்பக் காரை ஓட்டிவிட்டு வந்து பின் கண்ணாடியைப் பாருங்கள், சிவந்து போயிருக்கும். முன் கண்ணாடியில் அவ்வளவு தூசு இருக்காது. சில்லு கிளப்பிய தூசை அந்தச் சுழிப்புப் பொதி உள்ளே இழுத்து, மேலே சுற்றிக் கொண்டுவந்து கண்ணாடியில் அப்புகிறது. ஹச்பக் கார்களுக்குப் பின் கண்ணாடியிலும் வைப்பர் இருப்பதும், டிக்கி தனியாக நீண்டிருக்கும் செடான்களில் பெரும்பாலும் இல்லாமலிருப்பதும் இதனால்தான்.

இனி அந்தப் பெரிய கவலை. காரைப் பக்கவாட்டில் பார்த்தால் கீழே தட்டை, மேலே வளைவு. உயர்தரப் பௌதிகவியலில் பேர்னூலியைப் படித்த யாருக்கும் இது விமானச் சிறகின் வடிவம் என்று தெரியும். வேகம் கூடக் கூடக் கார் மேலே எழ முயல்கிறது. காற்று ஒட்டியபடி வளைந்து இறங்கும் பின்பக்கத்தில் அமுக்கம் நன்றாகக் குறைவதால், தூக்குவிசை பின் சில்லுகளைத்தான் அதிகம் பாதிக்கும். இழுவையைக் குறைக்க உதவிய அதே வழுவழுப்பான சரிவு, பின் ரயர்களின் பிடியைக் களவெடுக்கிறது. நேரே போகும்போது பெரிதாகத் தெரியாது. மணிக்கு 200 கிலோமீற்றரில் ஒரு வளைவுக்குள் அக்சிலேற்றரை விட்டால் பின்பக்கம் முன்னால் வந்துவிடும்.

போர்ஷே 911 இதற்கு நல்ல உதாரணம். அதன் முதுகு அழகாக உருண்டு இறங்கும். அந்த அழகுதான் அதன் வியாதி. 1972இல் கரேரா ஆர்எஸ் 2.7 என்ற பதிப்புக்காக டில்மன் புரோட்பெக், ஹெர்மன் பேர்ஸ்ற் ஆகிய பொறியியலாளர்கள் இயந்திர மூடியின் முனையை மேலே வளைத்து வாத்தின் வால் மாதிரி ஒன்றைச் செய்தார்கள். ஃபியட் 850 கூப்பேயின் முதுகிலிருந்த சிறிய விளிம்பு தனக்கு அப்போது நினைவுக்கு வந்ததாகப் புரோட்பெக் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த வால் செய்தது இதுதான்: இறங்கி வரும் காற்றை அதன் முன்னால் கொஞ்சம் தாமதிக்க வைத்தது. வேகம் குறைந்த இடத்தில் அமுக்கம் ஏறியது, பின்பக்கம் கீழே அமர்ந்தது. காற்றும் மேலேயே சுத்தமாகப் பிரிந்ததால் சுழிப்புப் பொதி சீரானது, உச்ச வேகமும் கொஞ்சம் கூடியது. தூக்குவிசையையும் இழுவையையும் ஒன்றாகக் குறைக்கும் மாற்றம் இந்தத் துறையில் மிக அபூர்வம். ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றதை வாங்க முடியும் என்பது வழக்கம். பந்தயத்தில் ஓட அனுமதி கிடைப்பதற்காக 500 கார் விற்றால் போதும் என்று தொடங்கி, கடைசியில் 1,580 செய்தார்கள்.

இதற்கு நேர்மாறான கதை அவுடி ரிரி. 1998இல் வந்தபோது எல்லாரும் அதன் வடிவத்தில் மயங்கினார்கள். முன்னும் பின்னும் உருண்டை, ஒரு விளிம்பும் கிடையாது. ஜேர்மனியின் வேகக் கட்டுப்பாடற்ற நெடுஞ்சாலைகளில் அதிவேகத்தில் விபத்துகள் நடந்தன, உயிர்களும் போயின. நிறுவனம் கார்களைத் திரும்ப அழைத்து, சஸ்பென்ஷனில் மாற்றம் செய்து, ஈஎஸ்பி என்ற நிலைப்படுத்தும் முறையைச் சேர்த்து, பின் டிக்கி மூடியில் ஸ்பொய்லர் எனப்படும் ஒரு சின்ன விளிம்பை ஒட்டியது. வடிவு கெட்டுவிட்டது என்று அழுதவர்களும் இருந்தார்கள். எனக்கு அந்த ஸ்பொய்லரோடு பார்க்கத்தான் கார் முழுமையாகத் தெரிகிறது.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் போர்ஷே 917இனுடையது. 1969இல் வந்த அந்தப் பந்தயக் காருக்கு நீண்டு தாழ்ந்த வால். நேர்ப்பாதையில் அபாரமான வேகம், ஆனால் ஓட்டுநர்கள் ஏறவே பயந்தார்கள். றோட்டின் முழு அகலமும் தேவைப்படும் அளவுக்கு அங்குமிங்கும் அலைந்தது. அந்த ஆண்டு பிரான்சில் நடந்த லு மான் 24 மணி நேரப் பந்தயத்தின் முதற்சுற்றிலேயே ஜோன் வூல்ஃப் என்ற ஓட்டுநர் அதில் உயிரிழந்தார். பந்தயப் பருவம் முடிந்த பின் ஒக்டோபரில் ஒஸ்திரியாவின் பந்தயப் பாதையில் வைத்து என்னென்னவோ மாற்றிப் பார்த்தார்கள். சஸ்பென்ஷன், ரயர் எதுவும் சரிவரவில்லை. ஜோன் ஹோர்ஸ்மன் என்ற பொறியியலாளர் காரைச் சுற்றிப் பார்த்தபோது ஒன்றைக் கண்டார். முன்பக்கம் முழுக்கச் செத்த பூச்சிகள் அப்பியிருந்தன, பின்வாலின் ஸ்பொய்லர்களில் ஒரு பூச்சிகூட இல்லை. பூச்சி போகாத இடத்துக்குக் காற்றும் போகவில்லை என்றுதானே அர்த்தம்? காற்று மேலேயே பிரிந்து போய்க்கொண்டிருக்க, கீழே ஸ்பொய்லர் சும்மா இருந்திருக்கிறது. அங்கேயே அலுமினியத் தகடுகளை வெட்டி, வாலை உயர்த்திக் குட்டையாக்கி, ஒட்டுநாடாவும் ஆணியுமாகப் பூட்டி ஓட்டினார்கள். பிரயன் ரெட்மன் அதை எடுத்துக்கொண்டு போனவர் ஒரு சுற்றோடு திரும்பாமல் ஓட்டிக்கொண்டே இருந்தாராம். அந்தக் குட்டை வால் 917கே என்ற பெயரில் 1970இல் லு மானை வென்றது. போர்ஷேக்கு அங்கே கிடைத்த முதலாவது முழு வெற்றி அது. நம்முடைய செம்மண் தூசும் அந்தப் பூச்சிகளும் ஒரே சாட்சியைத்தான் சொல்கின்றன.

ஸ்பொய்லரையும் விங்கையும் இங்கே பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். ஸ்பொய்லர் உடலோடு ஒட்டியது, உடல்மேல் போகும் காற்றின் போக்கைக் கெடுப்பது. விங் என்பது கீழும் மேலும் காற்று ஓட இடம்விட்டு நிற்கும் தலைகீழ் விமானச் சிறகு. அது தானாகவே கீழ்நோக்கிய விசையை உண்டாக்கும், அதற்கு விலையாக இழுவையையும் கூட்டும். 1966இல் ஜிம் ஹோலின் சப்பரல் 2ஈ உயரமான தூண்களில் இப்படி ஒரு விங்கோடு வந்தது. ஓட்டுநர் காலால் அதைச் சரித்து நிமிர்த்தலாம். 1968இல் ஃபோர்முலா 1க்குள் விங் நுழைந்தது. 1969 ஸ்பெயின் பந்தயத்தில் இரண்டு லோட்டஸ் கார்களின் விங்குகள் அடுத்தடுத்து முறிந்து விபத்தானதும், உயரமான விங்குகளுக்கு உடனேயே தடை வந்தது. பூட்டிய விங்கைவிடப் பூட்டிய விதம் முக்கியம் என்பதற்கு அந்த வீடியோக்களைப் பார்க்கலாம்.

வீதிக் கார்களில் அசையும் விங்குகள்தான் இப்போது வழக்கம். புகாட்டி வேரோனின் விங், பிரேக் அடிக்கும்போது அரை வினாடிக்குள் 55 பாகைக்கு நிமிர்ந்து காற்றுத் தடுப்பாகவும் வேலை செய்யும். போர்ஷே 911இன் 964 வரிசையில் ஸ்பொய்லர் மணிக்கு 80 கிலோமீற்றரில் தானாக எழும். நம்முடைய நாட்டில் கார்களுக்கு ஊருக்கு வெளியே சட்ட வேகம் 70, அதிவேக நெடுஞ்சாலையில் 100. வடக்கில் அதிவேக நெடுஞ்சாலை இல்லை. ஆக, அந்தக் காரை வைத்திருப்பவர் சட்டப்படி ஓட்டினால் யாழ்ப்பாணத்தில் ஒருநாளும் ஸ்பொய்லர் எழாது.

டிஃபியூசரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பின்பக்கத்தின் மிகத் திறமான பாகம் அதுதான், கண்ணுக்குத் தெரியாததால் மதிப்புக் குறைவு. காருக்கும் றோட்டுக்கும் இடையிலான ஒடுங்கிய இடைவெளியில் காற்று வேகமாக ஓடும், அமுக்கம் குறையும், கார் கீழே உறிஞ்சப்படும். பின்னால் அடித்தளம் மெல்ல மேலே எழுந்து (இந்த எழும் பகுதிதான் டிஃபியூசர்) இடத்தை விரிக்கும்போது காற்று சிறிது சிறிதாக வேகத்தை இழந்து வெளியேறும். அப்படி விரிவதால்தான் முன்னால் அவ்வளவு வேகமாக அது இழுக்கப்படுகிறது. 1978இல் லோட்டஸ் 79 இந்தத் தத்துவத்தை வைத்தே ஃபோர்முலா 1 பட்டத்தை எடுத்தது. அதே ஆண்டு பிரபம் என்ற அணி தன் காரின் பின்னால் ஒரு பெரிய காற்றாடியைப் பூட்டி அடியிலிருந்த காற்றை உறிஞ்சியது, நிக்கி லவுடா சுவீடனில் வென்றார், அந்த ஒரு பந்தயத்தோடு கார் ஒதுக்கப்பட்டது. அதை வடிவமைத்த கோர்டன் மறே பல பத்தாண்டுகள் கழித்து தன் ரி.50 காரில் 400 மில்லிமீற்றர் காற்றாடியைத் திரும்பக் கொண்டுவந்தார். மனுஷன் விடவில்லை.

முக்கியமான நிபந்தனை ஒன்று: டிஃபியூசர் வேலை செய்ய வேண்டுமானால் அதற்கு முன்னாலுள்ள அடித்தளம் முழுவதும் தட்டையாக மூடியிருக்க வேண்டும். உங்கள் விட்ஸைத் தூக்கி அடியைப் பாருங்கள். சைலன்சர் குழாய், பெற்றோல் ராங்கி, பின் அச்சு, அவற்றுக்கிடையே பள்ளங்கள். அங்கே வந்து சேரும் காற்று ஏற்கனவே குழம்பிப் போனது. பம்பரின் கீழே நான்கு பிளாஸ்ரிக் செதில்களை ஒட்டினால் அது அலங்காரம்தான்.

விங்குக்கான கணக்கு இது. கராச்சில் கிடைக்கும் விங் ஒன்று 125 சென்ரிமீற்றர் நீளம், 20 சென்ரிமீற்றர் அகலம் என்று வைப்போம். பரப்பு 0.25 சதுர மீற்றர். நல்ல வடிவம், சுத்தமான காற்று, விசைக் குணகம் 1 என்று தாராளமாகக் கொடுக்கிறேன். மணிக்கு 50 கிலோமீற்றரில் அது தரும் கீழ்நோக்கிய விசை 3 கிலோ எடைக்குச் சமம். 70இல் கிட்டத்தட்ட 6 கிலோ. 250இல் 74 கிலோ. விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் இப்படி. ஆஸ்பத்திரி வீதியில் போகும்போது பின் சீற்றில் ஒரு பை அரிசியை வைத்தாலே அந்த விங்கைவிட அதிகம் அழுத்தும். இதுவும் சுத்தமான காற்றுக் கணக்குத்தான். ஹச்பக்கின் கூரைக்குப் பின்னால் தாழ்வாகப் பூட்டினால் விங் அந்தச் சுழிப்புப் பொதிக்குள்ளேயே நிற்கும், இந்த 6 கிலோவும் கிடைக்காது. இன்னொன்று, விட்ஸ் முன்சில்லு இழுவைக் கார். பின் அச்சுக்கும் பின்னால் அழுத்தினால் முன்பக்கம் கொஞ்சம் இலேசாகும். திருப்புவதும் இழுப்பதும் அந்த முன் சில்லுகள்தானே?

கூரை முடியும் இடத்தில் நிறுவனமே பொருத்தி அனுப்பிய சின்ன ஸ்பொய்லர் உங்கள் காரில் இருந்தால் அதைக் கழற்ற வேண்டாம். அது அந்த ‘இந்தக் கோட்டோடு விடு’ வேலையைச் செய்கிறது. இழுவையில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கும்.

நம்மூரில் காற்று உண்மையிலேயே காரைத் தொந்தரவு செய்யும் இடம் வேறு. சோளகம் அடிக்கும் மாதங்களில் பண்ணைப் பாலத்திலோ சங்குப்பிட்டிப் பக்கமோ ஓட்டினால் ஸ்ரேறிங் ஒரு பக்கம் இழுப்பதை உணரலாம். பக்கக் காற்று தள்ளும் மையம் காரின் புவியீர்ப்பு மையத்துக்கு முன்னால் இருப்பதால் மூக்குத் திரும்பப் பார்க்கிறது. இதற்கும் தீர்வு பின்பக்கத்தில்தான். 1950களின் ஜகுவார் டி டைப் காரில் ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் ஒரு செங்குத்துச் செட்டை இருந்தது, தள்ளும் மையத்தைப் பின்னுக்கு நகர்த்த. இன்றைய லு மான் கார்களின் முதுகிலும் அதைக் காணலாம். விட்ஸுக்கு அதைப் பூட்டச் சொல்லவில்லை, வேகத்தைக் குறைத்தால் போதும்.

விங்குக்கு வைத்த காசில் நல்ல நாலு ரயர் போடுங்கள். காற்று என்ன செய்கிறது என்று பார்க்க ஆசையென்றால் கம்பளி நூலைப் பத்துச் சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டி, ஒரு முனையை மட்டும் ஒட்டுநாடாவால் கூரையின் பின்பாதி, பின் கண்ணாடி, டிக்கி எங்கும் வரிசையாக ஒட்டுங்கள். கிளிநொச்சிக்கும் ஆனையிறவுக்கும் இடையே ஏ9 நேராகக் கிடக்கும் இடத்தில், வாகனம் குறைந்த காலை நேரத்தில், சட்ட வேகத்தில் ஓட்டுங்கள். பின்னால் வரும் இன்னொரு காரில் ஓட்டாமல் இருப்பவர் போனில் படம் பிடிக்கட்டும். நூல் நேராகப் படிந்து கிடந்தால் அங்கே காற்று ஒட்டியிருக்கிறது. துடித்துச் சுழன்றால் பிரிந்துவிட்டது. மேல்நோக்கித் திரும்பி நின்றால் அங்கே காற்றே பின்னால் ஓடுகிறது. உங்கள் நண்பர்கள் யாரிடமாவது பிரியஸ் இருந்தால் அதிலும் ஒட்டிப் பார்த்து, இரண்டு காணொளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். விட்ஸில் நூல்கள் எந்த வரிசையில் துடிக்கத் தொடங்குகின்றன, பிரியஸில் எந்த வரிசையில் என்று குறித்துக்கொண்டு வந்தால் மேலே கதைக்கலாம்.